எங்கள் வார்டில் பிள்ளை பிறப்பதில்லை

எங்கள் ஊர் ஆட்களுக்கு மனு எழுத யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பெரிய வீட்டாரின் நிலத்தில் குடிசை போட்டிருந்தவர்களுக்கு அந்த இடமே சொந்தம் என்று குடிகிடப்புச் சட்டம் வந்தபோது, கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள்கூட மனு எழுதும் முறையைக் கரைத்துக் குடித்துவிட்டார்கள். சர்வே எண், நான்கு எல்லை, கிழக்கே யாருடைய தென்னை, மேற்கே எந்த ஓடை, எத்தனை தலைமுறையாக இருக்கிறோம் என்று வரிசையாக வந்து விழும். அப்படி எழுதித்தான் ஆளுக்குப் பத்து சென்ட் வாங்கினார்கள். எங்கள் அப்பா வாங்கியதும் அப்படித்தான், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரே வித்தையை வைத்துக்கொண்டு எம்.எல்.ஏ.விடம் ஒரு நர்சைக் கேட்கப் போனார்கள் பாருங்கள், அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

உதியன்குளங்கரையில் பஸ் இறங்கி, குளத்தூர்ப் பக்கமாக மண்சாலையில் நடந்தால், கேரளத்தின் விளிம்பில் எங்கள் ஊர். இன்னும் கொஞ்சம் கிழக்கே நடந்தால் தமிழ்நாடு. நான் அப்போது ஊர் பால்வாடியில் டீச்சர். பால்வாடிக்கு அடுத்த கட்டடம் சுகாதாரத் துறையின் சப் சென்டர், ஓடு போட்ட இரண்டு அறை. புதன்கிழமை மட்டும் ஒரு நர்ஸ் தோள்பையோடு வருவார். பிள்ளைகளை எடை பார்ப்பார், கர்ப்பிணிகளுக்கு மாத்திரை கொடுப்பார், மதிய பஸ்ஸில் போய்விடுவார். மற்ற ஆறு நாளும் பூட்டுத்தான். புதன்கிழமை பார்த்துப் பிள்ளை பெறுகிறவள் எந்த ஊரில் இருக்கிறாள் என்று ஒருமுறை அவரிடமே கேட்டேன். அவர் பாவம், ஐந்து ஊரை ஒற்றை ஆளாகச் சுற்றிக்கொண்டிருந்தார்.

என் தம்பி துபாயில் கம்பி கட்டும் வேலையில் இருந்தான். அவன் மனைவிக்கு நான் மைனி. எங்கள் வீட்டுக்கு அடுத்த பத்து சென்டில் தனியாக இருந்தாள். ஊரில் மற்றப் பெண்கள் பேறுகாலத்துக்கு எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிற தாய்வீட்டுக்குப் போவார்கள். இவளுக்குத் தாய் சின்னதிலேயே போய்விட்டாள், போக வீடு இல்லை. முதல் பிள்ளை வீட்டிலேயே பிறந்தது. மருத்துவச்சிக் கிழவி என்னவெல்லாமோ செய்து பார்த்தாள். பிள்ளை உச்சிவேளைவரை இருந்துவிட்டுப் போய்விட்டது. இரண்டாவதுக்கு எட்டாம் மாதமே வலி வந்தது. உதியன்குளங்கரையில் இருந்த ஒரே ஜீப் துபாய்க்குப் போகிற ஒருவனை வழியனுப்ப ஆட்களை ஏற்றிக்கொண்டு விமான நிலையம் போயிருந்தது. அது திரும்பி வந்து, இவளை ஏற்றி, எங்கள் ஊர் மண்சாலையைத் தாண்டுமுன் பிள்ளை பிறந்து, கொஞ்சம் மூச்சுவிட்டு, அடங்கிவிட்டது. இரண்டையும் அவள் வீட்டுக்குத் தென்புறம் அடக்கம் செய்தோம்.

தம்பி இரண்டு மாத லீவில் வந்து போன பிறகு மூன்றாவது தங்கியது. அந்தப் பக்கம் மிஷன் ஆஸ்பத்திரி இருக்கிற ஊரில் ஒரு அறை எடுத்து, கடைசி இரண்டு மாதம் போய் இருப்போம் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. குடிகிடப்பு வழக்கு நடந்த காலத்தில் குடிசையைப் பூட்டிவிட்டுப் போனவர்களின் குடிசை இரண்டு நாளில் இல்லாமல் போயிருக்கிறது. அந்தப் பயத்தில், நிலப் பட்டயம் கைக்கு வந்து வருஷங்கள் ஆன பிறகும் ஊரில் யாரும் வீட்டை அடைத்துவிட்டுப் போகமாட்டார்கள். இவளும் அதே ரகம். சரி, இவள் நர்சிடம் போகாவிட்டால் நர்சை இவளிடம் கொண்டுவருவோம் என்று நினைத்தேன். சப் சென்டரில் தங்கி வேலை பார்க்கிற ஒரு நர்ஸ், அவ்வளவுதான் நான் கேட்டது. அப்போது அவளுக்கு நான்காம் மாதம்.

சந்திப்பில் ஒரு வாசகசாலையைத் திறந்துவைக்க எம்.எல்.ஏ. வருகிறார் என்று தெரிந்தது. ஒரு பக்கத்தில் மலையாளத்தில் மனு எழுதி, கீழே கையெழுத்துப் போட வெள்ளைத்தாள் இணைத்து, வீடு வீடாகப் போனேன். ஒருவரும் போடவில்லை. முன்பு பெரிய வீட்டுக் காரியஸ்தன் இப்படித்தான் ஒரு வெள்ளைத்தாளில் எல்லோரிடமும் கைநாட்டு வாங்கிக்கொண்டு போனானாம். பிறகு பார்த்தால் அதன் மேல்பாதியில், நாங்கள் மனப்பூர்வமாகக் குடிசையைக் காலி செய்து தருகிறோம் என்று எழுதியிருந்ததாம். அதிலிருந்து பத்துப் பேர் பெயர் சேர்ந்து வருகிற தாளைக் கண்டால் ஊருக்கே நடுக்கம். துபாய்க்காரர்களின் மனைவிகளோ, அவருக்கு எழுதிப்போட்டு அவர் சம்மதித்துப் பதில் வரட்டும் டீச்சரே என்றார்கள். கடிதம் போய்வர ஒரு மாதம். அதற்குள் எம்.எல்.ஏ. திறந்துவைத்த வாசகசாலையில் ஒட்டடை படிந்துவிடும்.

சரி, நீங்கள் தனித்தனியாகவாவது கொடுங்கள் என்று வாயை விட்டேன். என் வாய்தான் எனக்கு எதிரி. விழா நாளன்று ஊரே புதுத்துணி உடுத்து, வீட்டுக்கு ஒன்றாக மனு கொண்டுவந்தது. நான் சந்தோஷப்பட்டேன். எம்.எல்.ஏ. கும்பிட்டுக் கும்பிட்டு வாங்கி உதவியாளரிடம் கொடுத்தார், அந்த ஆளின் கை கொள்ளவில்லை. ஒன்றையாவது வாங்கிப் படித்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. அதற்காக என்னைப் பிறகு எத்தனையோ முறை திட்டிக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்துச் சங்கிலியோடு சர்வேயர் வந்து இறங்கினார். மனு கொடுத்த எல்லோருடைய இடத்தையும் அளக்க வேண்டும் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அவர் கையிலிருந்த மனுக் கட்டை வாங்கிப் பார்த்தேன். எல்லா மனுவிலும் முதலில் சர்வே எண், பிறகு நான்கு எல்லை, பிறகு பட்டய எண். அதற்கெல்லாம் கீழே கடைசி வரியில் ஆளுக்கொரு நர்ஸ். ஒருவர் தம் கிணற்றடிக்குப் பக்கத்தில் ஆஸ்பத்திரி வேண்டும் என்று கேட்டிருந்தார். அவருடைய பக்கத்து வீட்டுக்காரர், என் பத்து சென்டை ஆஸ்பத்திரிக்கு எடுக்கக்கூடாது என்பதைத் தவிர வேறெதுவும் எழுதவில்லை. எம்.எல்.ஏ. அலுவலகத்தில் யார் கடைசி வரிவரை படிப்பார்கள்? இது நில விவகாரம் என்று நில அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அதில் அவர்களைக் குறை சொல்லவும் வழியில்லை.

சர்வேயரைச் சமாதானப்படுத்தி அனுப்புவதற்குள் ஊர் முழுக்க என் மேல் திரும்பியது. ஆஸ்பத்திரி என்று சொல்லி டீச்சர் நிலத்தைப் பிடுங்கப் பார்த்தாள் என்று பேச்சு. பக்கத்து வீட்டுக்காரர் பால்வாடி வாசலில் வந்து நின்று, பிள்ளைகள் முன்னால் சொன்னார்:

"டீச்சரே, எனக்க பத்து சென்டு போச்சுண்ணா, உனக்க இந்த முற்றத்திலயாக்கும் நான் வந்து கிடக்கது."

அன்று சாயங்காலம் தம்பி மனைவியிடம் போய்ப் பொரிந்து தள்ளினேன். அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். வயிறு தெரியத் தொடங்கியிருந்தது. ஆறாம் மாதம்.

மறுவாரம் எம்.எல்.ஏ.வின் உதவியாளரைத் தேடிப் போனேன். சண்டை போடத்தான் போனேன். அவர் டீ வாங்கிக் கொடுத்து உட்காரவைத்தார். இத்தனை வருஷத்தில் எனக்குப் பயன்பட்ட பாடம் அந்த டீக்கடை பெஞ்சில் கிடைத்ததுதான். விழாவில் கொடுக்கிற மனுவை எந்த எம்.எல்.ஏ.வும் படிக்கமாட்டார், மாலைகூட அன்றைக்கே வாடிவிடும் என்றார். ஞாயிற்றுக்கிழமை காலை கூட்டம் சேருமுன் வீட்டுக்கு வரச் சொன்னார். ஒரே தாள், ஒரே கோரிக்கை. ஆஸ்பத்திரி என்று கேட்டால் கட்டடம், டாக்டர், கோடி என்று அரசாங்கம் பயந்துவிடும், அதனால் ஒரு வேலையிடம் என்று மட்டும் கேட்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, எம்.எல்.ஏ. சட்டசபையில் எழுந்து பேசினால் மந்திரி திருப்பிக் கேட்பார்: அங்கே வருஷத்துக்கு எத்தனை பிரசவம், எத்தனை சாவு? அதைப் பஞ்சாயத்துப் புத்தகத்திலிருந்து எழுதிக்கொண்டு வாருங்கள் என்றார்.

பஞ்சாயத்து அலுவலகத்தில் கிளார்க் பிறப்புப் பதிவேட்டை எடுத்து, பக்கம் பக்கமாகப் புரட்டினார். மற்ற வார்டுகளில் வரிசையாகப் பெயர்கள். எங்கள் வார்டுக்கு வந்ததும் கை நின்றது. பிறகு அவருக்கே வேடிக்கையாகப் போயிற்று.

"உங்க வார்டில பிள்ள பிறக்கதே இல்லியே டீச்சரே. பின்ன நர்ஸ் என்னத்துக்கு?"

என் பால்வாடியில் அன்றைக்கு மட்டும் இருபதுக்கு மேல் பிள்ளைகள் மூக்கை ஒழுக்கிக்கொண்டு கஞ்சி குடித்துவிட்டுப் போயிருந்தன. அவையெல்லாம் வானத்திலிருந்தா விழுந்தன? அந்தப் பக்கம் தாய்வீட்டில் பிறந்தது அந்தப் பக்கத்துக் கணக்கு. இந்தப் பக்கம் வீட்டில் பிறந்ததை யாரும் போய் எழுதவில்லை. பள்ளியில் சேர்க்கும்போது தலைமையாசிரியர் போடுகிற தேதிதான் எங்கள் ஊரில் பிறந்தநாள். பிறந்து செத்ததை எழுத வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதே இல்லை.

நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மறுபடி வீடு வீடாக ஏறி இறங்கினேன். எழுதுங்கள், காலம் தாழ்ந்தாலும் எழுதலாம் என்றேன். அந்தப் பக்கம் பெற்றோம் என்று தெரிந்தால் நாங்கள் இங்கே குடியிருப்பவர்களே இல்லை என்று பட்டயத்தை ரத்து செய்துவிடுவார்கள் என்றார்கள். இங்கே பெற்றவர்களோ, இத்தனை வருஷம் எழுதாததற்குக் கேஸ் வரும் என்றார்கள். செத்த பிள்ளையைப் பற்றிக் கேட்டால் அடுப்பில் வேலை இருக்கிறது என்று எழுந்து போனார்கள். எந்தெந்த வீட்டில் எத்தனை போயிற்று என்று எனக்குத் தெரியும், கூட நின்று தண்ணீர் காய்ச்சியவள் நான். ஆனால் எனக்குத் தெரிந்ததை மந்திரியிடம் கொடுக்க முடியாது.

கடைசியில் தம்பி மனைவியிடம் போனேன். உன் இரண்டையும் எழுதினால் மற்றவர்களும் எழுதுவார்கள் என்றேன். அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"வேண்டாம் மைனி. அந்தப் புக்கில கேறினா இதும் அதுகளுக்கு பின்னால போயிரும்" என்றாள், வயிற்றில் கையை வைத்துக்கொண்டு.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. உனக்காகத்தானே நாயாய் அலைகிறேன், நீயே இப்படிச் சொன்னால் ஊரை எப்படி நொந்துகொள்வது, இந்த மூடத்தனத்தால்தான் உன் பிள்ளைகள் போயின என்றேன். சொல்லக்கூடாததைச் சொன்னேன். அவள் முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் திரும்பி வந்துவிட்டேன், மன்னிப்பும் கேட்கவில்லை.

பெயர் இல்லாமல், எனக்குத் தெரிந்த எண்ணிக்கையை மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை எம்.எல்.ஏ. வீட்டுக்குப் போனேன். சர்ச்சில் ஆராதனையைத் தவறவிட்டுப் போனது அதுதான் முதல் தடவை. அவர் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே தாளை வாங்கி நிதானமாகப் படித்தார். நல்ல மனுஷர்தான். நல்ல மனு என்றார். பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டார்: இதெல்லாம் பதிவேட்டில் உண்டா? இல்லை என்றேன். பதிவேட்டில் இல்லாததை நான் எப்படிச் சட்டசபையில் சொல்வது டீச்சர் என்றார். ஐந்து நிமிடம் கிடைத்திருந்தது. அதில் மூன்று நிமிடத்தை நான் கோபப்பட்டே தீர்த்தேன்.

"சாரே, பிள்ள செத்தது நிசம். புக்கில இல்லங்கதும் நிசம். இதில எந்த நிசம் உங்களுக்கு வேணும்?"

உதவியாளர் பின்னால் நின்று கையைப் பிசைந்தார். எம்.எல்.ஏ. கோபப்படவில்லை. எனக்கு இரண்டும் வேண்டும், ஆனால் மந்திரிக்குப் புக் மட்டும்தான் வேண்டும் என்று மலையாளத்தில் மெதுவாகச் சொன்னார். என்னால் ஆனதைச் செய்கிறேன், நீங்கள் அந்தப் புக்கைச் சரிசெய்யுங்கள் என்று சொல்லி அனுப்பினார். எதிரி என்று ஒருவன் இருந்தால் சண்டை போடலாம். அந்த வீட்டுப் படியிறங்கும்போது சண்டை போட ஆளில்லாமல் எனக்கு அழுகை வந்தது.

அதற்குப் பிறகு ஒரு செய்தியும் வரவில்லை. ஒன்பதாம் மாதம் ஒரு புதன்கிழமை, வந்த நர்ஸ் தம்பி மனைவியின் காலை அமுக்கிப் பார்த்தார். குழி விழுந்தது, எழும்பவில்லை. ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டு, இனி ஒரு நாள்கூட இவளை இங்கே வைத்திருக்காதே என்றார். அவள் மறுத்தாள். நான் கேட்கவில்லை. வீட்டுச் சாவியைப் பிடுங்கிக்கொண்டு, ஜீப்பை முன்னாலேயே கொண்டுவந்து நிறுத்தி, அந்தப் பக்கத்து மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். சிரமப்பட்டாள். ஆனால் பெண்பிள்ளை உயிரோடு பிறந்தது, நன்றாக அழுதது. தம்பிக்குத் தந்தி அடித்தேன். பிள்ளையை அந்தப் பக்கத்துப் பதிவேட்டில் எழுதினார்கள். நர்ஸ் வேண்டும் என்று ஊரெல்லாம் அலைந்த நானே, எங்கள் வார்டில் பிறக்க வேண்டிய பிள்ளையை எல்லை தாண்டிக் கொண்டுபோய்ப் பெறவைத்தேன்.

பிள்ளைக்கு நாற்பது நாள் ஆனபோது சப் சென்டருக்கு நர்ஸ் வந்தார். எம்.எல்.ஏ. சட்டசபையில் எதைச் சொல்லி வாங்கினாரோ, தற்காலிக வேலையிடம், ஒரு வருஷத்துக்கு மட்டும், பிறகு மறுபரிசீலனை என்று உத்தரவு. சின்ன வயசு, நெடுமங்காடு பக்கத்துப் பெண். இரண்டாவது அறையில் பெட்டியை வைத்து, ஸ்டவ் பற்றவைத்து, பதிவேட்டைத் திறந்து உட்கார்ந்தார். அவர் வந்த பிறகு மூன்று பேர் அங்கே பெற்றார்கள், மூன்றும் பிழைத்தன. மற்றவர்கள் வழக்கம்போலத் தாய்வீட்டுக்குப் பஸ் ஏறினார்கள். வருஷம் முடியப்போகிறபோது மேலிருந்து கடிதம் வந்தது: முந்தைய வருஷங்களிலும் இந்த வார்டில் பிரசவம் இல்லை, இந்த வருஷமும் மிகக் குறைவு, வேலையிடம் தேவைதானா என்று விளக்கம் கேட்டு.

நான் அந்தக் கடிதத்தைத் தம்பி மனைவி முன்னால் போட்டுவிட்டு, இந்த ஊருக்கு இனி ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போடமாட்டேன் என்று சத்தியம் செய்தேன். அவள் பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரரின் மகள், பத்து சென்ட் போய்விடும் என்று என்னைத் திட்டினாரே அவருடைய மகள், ஏழாம் மாதத்தில் அங்கேதான் வந்து உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் போக வேறு இடமில்லை, தாய்வீடு இதே ஊர், மாமியாரோடு சண்டை. தம்பி மனைவி அவளைப் பார்த்தாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

"இவ அங்க பிறந்தவ மைனி. அதுக ரெண்டும் இஞ்ச பிறந்ததுதானே. அதுகள எழுதுங்க, நானும் வாறேன்."

காலம் தாழ்ந்த பதிவுக்குச் சத்தியப் பத்திரம் வேண்டும், இரண்டு சாட்சி வேண்டும், மேலே அனுமதி வேண்டும். அலைந்து எல்லாம் வாங்கினோம். மருத்துவச்சிக் கிழவியை நடத்திக் கூட்டிக்கொண்டு போனோம், ஜீப்காரர் தானாகவே சாட்சிக்கு வந்தார். அவள் எழுதுகிறாள் என்று தெரிந்த பிறகு வேறு சில பெண்களும் வந்து அலுவலக வராந்தாவில் நின்றார்கள். நர்ஸ் பிறகும் பல வருஷம் எங்கள் ஊரில் இருந்தார், அதற்கு இது காரணமா என்று யாரும் எங்களுக்கு எழுதி அனுப்பவில்லை.

பழைய கிளார்க்தான். ஆண், பெண், தேதி, இடம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். இடம் என்ற பத்தியில் எங்கள் ஊர்ப் பெயரை எழுதும்போது நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெயர் என்ற இடம் வந்ததும் அவர் கேட்கவில்லை, கோடு போடப் பேனாவைக் கொண்டுபோனார். நானும் கோடு போடுங்கள் என்றுதான் சொல்லப்போனேன். அவள் கையை நீட்டித் தடுத்தாள். முதல் பிள்ளையின் பெயரைச் சொன்னாள். பிறகு ஜீப்பில் பிறந்ததன் பெயரைச் சொன்னாள். எழுத்து தவறக்கூடாது என்று இரண்டு முறை சொன்னாள். இரண்டுக்கும் அவள் பெயர் வைத்திருந்தாள். எத்தனை பிள்ளை செத்தது என்று எண்ணி எண்ணி எழுதி நாலு வாசல் ஏறி இறங்கிய நான், அவற்றின் பெயர் என்ன என்று அவளிடம் ஒருநாளும் கேட்டதில்லை.